புத்திசாலிப் பிள்ளைக்கு அரியர் ஏன்?

'பிளஸ் டூவில 600-க்கு 540 எடுத்த பிள்ளைங்க... காலேஜ் போய் ரெண்டே வருஷம், நாலு அரியர்! கேட்டா, உட்கார்ந்து படிக்க முடியலைங்கிறான். எல்லாம் திமிரு!'

இப்படிப் புலம்பும் பெற்றோரா நீங்கள்? 'சோம்பேறி' என்று முத்திரை குத்துவதற்கு முன் ஒரு நிமிஷம்... அது ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக் குறைபாடாகக்கூட இருக்கலாம்.

'அது வாண்டுகளுக்கு வர்றதாச்சே?' என்பீர்கள். ஆரம்பம் சின்ன வயசில்தான். ஆனால், பலருக்கு வளர்ந்த பிறகும் அது கூடவே வருகிறது. ஓட்டமும் குதியாட்டமும் குறைந்துவிடும். உள்ளுக்குள் பரபரப்பும் கவனச் சிதறலும் தங்கிவிடும். பெண் பிள்ளைகளில் பலர் சின்ன வயதிலும் ஆட்டம் போட்டிருக்க மாட்டார்கள். வகுப்பில் அமைதியாகக் கனவு கண்டுகொண்டிருந்திருப்பார்கள். அதனாலேயே யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

காலேஜில் மட்டும் ஏன்?

பள்ளிக்கூட நாட்களில் காலையில் எழுப்ப அம்மா, சாயங்காலம் டியூஷன், வாரா வாரம் டெஸ்ட் என்று சுற்றிலும் வேலி இருந்தது. ஹாஸ்டலில் அந்த வேலி கிடையாது. 'பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கிறது' என்றால், இவர்கள் மனசுக்கு அது என்றைக்கோ ஒருநாள்! முந்தின ராத்திரிதான் சூடு பிடிக்கும்.

வகுப்பில் பாதி வாக்கியம் காதில் விழும். மீதி நேரம் மனசு எங்கோ போய்விடும். நோட்ஸில் ஓட்டைகள். ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தாலும் மண்டையில் நிற்காது. தெரிந்த கணக்கிலேயே பிளஸ், மைனஸ் மாறிப்போகும். எழுதி முடித்த அசைன்மென்ட்டைக் கொடுக்க மறந்துபோகும்.

திட்டமிடுவதற்கும், தேவையில்லாததை ஒதுக்குவதற்கும் மூளையின் முன்பகுதிதான் சூப்பர்வைசர். இவர்களுக்கு அதன் வேலையில் சுணக்கம். பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. புத்தி குறைவு என்று அர்த்தமில்லை.

'மூணு மணி நேரம் கிரிக்கெட் மட்டும் பார்க்க முடியுதே?' நியாயமான கேள்வி! கவனமே இல்லை என்பதல்ல இந்தப் பிரச்னை. வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்ப முடியவில்லை என்பதுதான். பிடித்த விஷயம் தானாக இழுத்துக்கொள்ளும். பிடிக்காத பாடத்தில் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதிலும் தெரியாது. மனநல மருத்துவர் விசாரித்துத்தான் சொல்ல முடியும். 2013-ல் வெளியான அமெரிக்க மனநல சங்கத்தின் வரையறைப்படி, சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, கல்லூரி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். பழைய பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் 'கவனம் போதாது' என்று டீச்சர் எழுதியிருக்கிறாரா? தேடி எடுத்துப் போங்கள். தூக்கக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு இவையும் கவனத்தைக் கெடுக்கும். எனவே, நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள்.

என்ன செய்யலாம்?

* 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு. செல்போன் அடுத்த அறையில்.
* 'யூனிட் மூன்று' என்று எழுதாமல், 'பத்து மணிக்குள் நாலு பக்கம்' என்று சின்னதாக எழுதிவைக்கச் சொல்லுங்கள்.
* கூட ஒரு நண்பர் உட்கார்ந்து படித்தாலே பாதி வேலை நடக்கும்.
* தூக்கமும் தினசரி உடற்பயிற்சியும் கட்டாயம்.
* மருந்துகள் உண்டு. பலருக்கு நல்ல பலன் தருகின்றன. ரத்த அழுத்தம், இதயத்துடிப்பு பார்த்து டாக்டர்தான் தர வேண்டும். நண்பனின் மாத்திரையை வாங்கிப் போடுவது ஆபத்து!

எங்கே போவது என்று குழப்பமா? மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 முதல் இயங்குகிறது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

வருஷக்கணக்கில் 'உருப்படாதவன்' என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் பிள்ளையே அதை நம்பிவிடுவதுதான் பெரிய நஷ்டம். அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். உடைந்த தன்னம்பிக்கையை ஒட்ட வைப்பது அத்தனை சுலபமில்லை. இன்று ராத்திரி மார்க்கைப் பற்றிக் கேட்காமல், 'படிக்க உட்காரும்போது என்னப்பா ஆகுது?' என்று கேட்டுப் பாருங்களேன்!