உஷார்! அந்தச் சொம்பில் ரசம் வைக்காதீர்கள்

போன மாதம் சித்தி காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார். பையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு சொம்பு. "எண்பது வருஷத்து ஈயச்சொம்புடா! எந்த வீட்டு ஆச்சி ரசம் வச்சதோ. நாளைக்கு இதுலதான் நம்ம வீட்டுல மிளகு ரசம்." கையில் வாங்கினேன். மணிக்கட்டு தொய்ந்தது. அரைப்படி சொம்புக்கு அத்தனை கனம் ஆகாதே என்று அதன் விளிம்பை ஒரு வெள்ளைத்தாளில் அழுத்தி இழுத்தேன். பென்சிலால் போட்டதுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

"சித்தி, புளியைக் கரைச்சிடாதீங்க" என்றேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதிக்குப் போகிறவர்கள் எல்லாரும் இதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். வரிசையாகப் பழைய சாமான் கடைகள். பங்காளிகள் பிரித்துக்கொண்ட, இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் கதவு, தூண், அன்னவெட்டி, தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம் எல்லாம் அங்கே வந்து குவிகின்றன. சுற்றிப் பார்க்க அதைவிடச் சுவையான தெரு தமிழ்நாட்டில் குறைவு. நானும் வருஷம் ஒருமுறை போகிறவன்தான். ஆனால் வேடிக்கை பார்ப்பது வேறு, வாங்கிய சாமானை அடுப்பில் ஏற்றுவது வேறு.

சிக்கல் நம் சொல்லிலேயே இருக்கிறது. வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். ரசத்துக்கு வேண்டியது வெள்ளீயம். காரீயமோ நஞ்சு. கடைக்காரர் "சுத்தமான ஈயம்ங்க" என்று சத்தியம் செய்தால் அது பொய்யும் இல்லை! புளியும் தக்காளியும் சூடும் சேர்ந்தால் காரீயம் கரைந்து குழம்பில் இறங்கும். நிறமும் மாறாது, கெட்ட ருசியும் தெரியாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கனம் ஓர் அடையாளம். ஒரே பருமனில் வெள்ளீயத்தைப்போல் ஒன்றரை மடங்கு எடை காரீயத்துக்கு. தாளில் கோடு விழுவது இன்னொன்று. ஆனால் இரண்டையும் கலந்து வார்த்திருந்தால் இந்தச் சோதனைகள் காலை வாரிவிடும். உலோகம் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தால்தான் உறுதி. பழைய சொம்பை அடுப்பில் காயவைத்து "உருகினால் வெள்ளீயம்" என்று பரீட்சை செய்கிற அறிவாளிகளும் உண்டு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் இரண்டுமே போய்விடும். மிஞ்சுவது புகையும் சண்டையும்.

பித்தளைப் பாத்திரமும் இதே கதைதான். உள்ளே பூசியது தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் அதில் புளிப்பு எதுவும் கூடாது, களிம்பு ஏறும். "பளபளன்னு புதுசா ஈயம் பூசிக் கொடுத்துட்டோம்" என்றால் எந்த ஈயம் என்று கேளுங்கள். ஊறுகாய் ஜாடியை விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்காமல் டொக்கென்றால் எங்கோ விரிசலை ஒட்டி மறைத்திருக்கிறார்கள். விரிசல் இல்லாவிட்டாலும் பழைய மெருகில் காரீயம் இருக்கலாம். உப்பும் எலுமிச்சையும் அதைப் பிடித்து இழுக்கும். ஸ்வீடன் முத்திரை போட்ட மங்குத் தட்டுகள் கொள்ளை அழகு. சுவரில் மாட்டுங்கள். சில்லு பெயர்ந்த தட்டில், அதுவும் உள்பக்கம் சிவப்போ ஆரஞ்சோ பூசிய தட்டில், சோறு போடாதீர்கள்.

இனி, பர்ஸுக்கு வருகிற ஆபத்து. நான் ஏமாந்த கதை: "நூற்றைம்பது வருஷத்து" தேக்குப் பெட்டி ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். பெட்டியில் புழுத்துளைகூட இருந்தது. வீட்டுக்கு வந்து கீலைத் துடைத்தால், துருவுக்கு அடியில் கூட்டல் குறி போட்ட ஸ்டார் ஸ்க்ரூ! அந்த ஸ்க்ரூ அமெரிக்காவில் சந்தைக்கு வந்ததே 1930களில். கீலை மட்டும் பிற்பாடு மாற்றியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஒரு துளையில் ஊசியை விட்டேன். நேர்க்கோடாகப் போய் நின்றது. புழு வளைந்து வளைந்து குடையும்; டிரில்தான் நேராகப் போகும். ரவிவர்மா படத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். பழைய கல் அச்சில் மணல் இறைத்ததுபோல் ஒழுங்கில்லாத பொடி தெரியும். வரிசை பிசகாத வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது நேற்றைய ஆப்செட்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். போலீஸ் வந்தால்? நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், வேலைப்பாடுள்ள பொருள் எல்லாம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். ஓலைச்சுவடிக்கு 75 வருஷமே போதும். தொல்பொருள் விற்க உரிமம் வேண்டும். நாட்டைவிட்டு எடுத்துப்போகத் தனி ஆளுக்கு அனுமதியே கிடையாது. சிங்கப்பூரிலிருந்து வரும் மச்சான் பெட்டிக்குள் துணி சுற்றி வைக்கிற அந்தச் சின்ன அம்மன், விமான நிலைய ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். பழசு மாதிரி இருக்கிற புதுசு என்றாலும், தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள். சாமி சிலை விஷயத்தில் என் கட்சி இன்னும் கறார்: எந்தக் கோவிலிலிருந்து பெயர்த்ததோ, விலைகூடக் கேட்காதீர்கள். தந்தப்பிடி போட்ட கத்தி, தந்தச் சிமிழ் எல்லாம் விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். "தாத்தா காலத்துது சார்" என்பது கோர்ட்டில் எடுபடாது.

எதை வாங்கினாலும் பொருளின் பெயர், உலோகம், வயது மூன்றையும் எழுதிய பில் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்குங்க" என்று சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

சித்திக்கு மனசே வரவில்லை. சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் யாரோ ஒருவரின் விலாசமாக மூன்று எழுத்து வெட்டியிருந்தது. அதையாவது உண்மை என்று நம்பட்டும் என்று விட்டிருப்பேன். எழுத்தின் பள்ளம் மட்டும் புதுக்காசுபோல் மின்னித் தொலைத்தது. இப்போது சொம்பு பரணில் இருக்கிறது, பேரன் கைக்கு எட்டாத உயரத்தில். ரசம் எவர்சில்வரில் கொதிக்கிறது.