பறவைக்கு இடம் கொடுத்தால் பயிருக்குக் காவல்
பெரம்பலூர், அரியலூர் விவசாயிகள் பனிக்காலத்தில் கவனிக்க வேண்டியவை

ஐப்பசி மழையில் ஏரி குளங்கள் நிரம்பியதும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்குகின்றன. பங்குனி வரை அவை இங்கேயே தங்கி இரை தேடுகின்றன. இதே மாதங்களில்தான் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் வயலில் நிற்கின்றன. கதிரைக் கொத்தும் பறவையைக் கண்டு எல்லாப் பறவைகளையும் விரட்டுவது பலருடைய வழக்கம். விரட்ட வேண்டியது எது, வரவழைக்க வேண்டியது எது என்று தெரிந்துகொண்டால், மருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி மிச்சமாகும்.

கரைவெட்டி ஏரி

அரியலூர் மாவட்டத்தில் உள்ள கரைவெட்டி ஏரி 1999ம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு சுமார் 454 எக்டேர். மேட்டூர் அணையின் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. சுற்றுவட்டார வயல்கள் இந்த ஏரியால் பாசனம் பெறுகின்றன. 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் பனிக்காலத்தில் இங்கு தங்குகின்றன.

நீர்ப்பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் சேருகின்றன. இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். வேடந்தாங்கல் பகுதி விவசாயிகள் 1798ம் ஆண்டிலேயே, அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று எழுத்து மூலமான உத்தரவு பெற்றனர். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கிராம மக்கள், தங்கள் கண்மாய்ப் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

புழு தின்னும் பறவைகள்

ஏரிப் பறவைகளைப் போலவே வயல் பறவைகளும் விவசாயிக்கு உதவுகின்றன. இரட்டைவால் குருவி என்னும் கரிச்சான், மைனா, உண்ணிக்கொக்கு, பனங்காடை, கொண்டலாத்தி, பஞ்சுருட்டான் ஆகியவை புழு பூச்சிகளைத் தின்பவை. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து தகைவிலான், வாலாட்டிக் குருவி, பழுப்புக் கீச்சான் ஆகியவையும் வந்து சேருகின்றன. ஏர் ஓட்டும்போது பின்னாலேயே நடந்து வரும் கொக்கும் மைனாவும், மண்ணிலிருந்து புரளும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் பொறுக்கித் தின்பதை எல்லோரும் பார்த்திருக்கலாம். கோடை உழவு ஆழமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோள சாகுபடியில் தமிழகத்தில் முன்னணியில் உள்ளது. 2018ம் ஆண்டில் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு, அந்தப் பருவத்திலேயே இங்குள்ள மக்காச்சோள வயல்களைக் கடுமையாகத் தாக்கியது. இந்தப் புழு குருத்துக்குள் புகுந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டுவதில்லை. புழு சிறியதாக, இலைமேல் மேயும் நிலையில் இருக்கும்போதே அழிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் கரிச்சானும் மைனாவும் வயலில் இருந்தால் நல்ல துணை.

ஆனால் பறவைகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது. குருத்தின் அடியில் உள்ள புழுவையும், பருத்திக் காய்க்குள் இருக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவையும் பறவையால் எடுக்க முடியாது. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுதல், வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைத்தல், முட்டைக் குவியல்களைப் பொறுக்கி அழித்தல் ஆகிய வேலைகளையும் உடன் செய்ய வேண்டும்.

பறவைத் தாங்கி அமைக்கும் முறை

கரிச்சான் உயரமான இடத்தில் உட்கார்ந்து, புழுவைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கும் பழக்கமுடையது. மரமோ கம்பமோ இல்லாத வயலில் அதற்கு உட்கார இடமில்லை. பறவைத் தாங்கி இந்தக் குறையைப் போக்கும்.

ஒரு கம்பின் தலையில் ஒன்றரை அடி நீளக் குச்சியைக் குறுக்காகக் கட்டினால் போதும். கிளைகள் உள்ள காய்ந்த குச்சிகளையும், தென்னை மட்டைகளையும் அப்படியே நட்டு வைக்கலாம். தாங்கி பயிரைவிட ஓரிரு அடி உயரமாக இருக்க வேண்டும். பயிர் வளர வளர உயர்த்திக் கட்ட வேண்டும். ஏக்கருக்கு 20 தாங்கிகள் போதுமானவை. வயல் முழுவதும் பரவலாக நட வேண்டும். இதற்கு ஆகும் செலவு அரை நாள் கூலிதான்.

திருமானூர், தா.பழூர் பகுதி நெல் வயல்களில் இதே தாங்கிகளில் இரவில் ஆந்தையும் கூகையும் வந்து உட்காரும். எலியைப் பிடிப்பதில் கூகைக்கு நிகர் இல்லை. மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்த, கூகைகளுக்கென்றே மரப்பெட்டிகள் கட்டி வைக்கிறார்கள். கூகை அலறினால் கெடுதல் என்று கல்லெறிவது நமக்குத்தான் நஷ்டம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: நெல், சோளம், கம்பு ஆகிய பயிர்களில் கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் தாங்கிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகளுக்கும் அவையே இருக்கை ஆகிவிடும்.

கதிரைக் காப்பது எப்படி?

கிளி, சில்லை, தூக்கணாங்குருவி, மயில் ஆகியவற்றால் சேதம் ஏற்படுவது உண்மை. பனிக்காலத்தில் பெருங்கூட்டமாக வரும் சூறைக்குருவி சோளக் கதிரில் இறங்கினால் கதிர் மிஞ்சாது. இந்தச் சேதம் பெரும்பாலும் பால் பிடிப்பது முதல் அறுவடை வரை உள்ள சில வாரங்களில்தான் ஏற்படுகிறது. அந்த நாட்களில் மட்டும் காவலைப் பலப்படுத்தினால் போதும்.

வெயில் பட்டு மின்னும் பிளாஸ்டிக் நாடாவை முறுக்கி, கம்புகளுக்கிடையே பயிருக்குச் சற்று மேலே கட்டலாம். பருவம் முழுவதும் கட்டி வைத்தால் பறவைகளுக்குப் பழகிவிடும். மக்காச்சோளத்தில் கிளிகள் ஓர வரிசைகளையே அதிகம் தாக்குவதால், ஓரத்து இரண்டு மூன்று வரிசைகளில் மட்டும் பக்கத்து இலையைக் கதிர்மேல் சுற்றி மறைத்துவிடலாம். பக்கத்து நிலத்தாருடன் சேர்ந்து ஒரே சமயத்தில் விதைத்தால் சேதம் பரவலாகப் பகிர்ந்துபோகும். தனித்து முந்தியோ பிந்தியோ விளையும் வயல்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது.

மயிலுக்கு விஷம் வைப்பது 1972ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கடுங்குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அந்த விஷம் ஆடு, நாய், கோழிகளையும் கொல்லும்.

சிட்டுக்குருவி சொன்ன பாடம்

சீனாவில் 1958ம் ஆண்டில் தானியத்தைத் தின்கிறது என்று கூறி, நாடு முழுவதும் மக்களைத் திரட்டிச் சிட்டுக்குருவிகளைக் கொன்றார்கள். குருவிகள் ஒழிந்ததும் வெட்டுக்கிளியும் பூச்சிகளும் பெருகின. அதன்பின் வந்த கொடும் பஞ்சத்துக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. 1960ல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, அதன் இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். பிற்காலத்தில் அதே சீனாவின் சிஞ்சியாங் பகுதியில், வெட்டுக்கிளிகளைத் தின்பதற்காகச் சூறைக்குருவிகளுக்குக் கற்களைக் குவித்துக் கூடுகள் அமைத்துக் கொடுத்தார்கள். நம் சோளக் காட்டில் விரட்டப்படுவதும் இதே இனப் பறவைதான். கோடையில் அங்கே வெட்டுக்கிளியைத் தின்கிறது. பனிக்காலத்தில் இங்கே வருகிறது.

மருந்தில் கவனம் தேவை

1995-96ல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் தெளித்த வயல்களில், அவற்றைத் தின்ன வந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. விஷம் உண்ட புழுவைத் தின்னும் கரிச்சானுக்கும் இதே கதிதான். புழுவைத் தின்பவை செத்துவிட்டால் அடுத்த முறை புழு இன்னும் அதிகமாக வரும்; மருந்தும் அதிகமாகத் தேவைப்படும். எனவே பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டிய பிறகே மருந்து தெளிக்க வேண்டும். மருந்து கலந்து நேர்த்தி செய்த விதை வயலில் சிந்திக் கிடந்தால் உடனே மண்ணைத் தள்ளி மூட வேண்டும். மீந்த விதையை வரப்பில் கொட்டக் கூடாது.

வீட்டுத் தோட்டத்தில்

குளிர் நாடுகளில் பனி மூடி இரை கிடைக்காததால், வீட்டுத் தோட்டங்களில் தானியமும் கொழுப்பும் வைத்துப் பறவைகளைக் காப்பாற்றுகிறார்கள். நம் பகுதியில் நிலைமை வேறு. மார்கழி, தை மாதங்களில் இங்கு இரைக்குப் பஞ்சமில்லை. மாசிக்குப் பிறகு குட்டைகள் வற்றும்போதுதான் பறவைகள் தவிக்கின்றன. ஆகவே இங்கு இரையைவிடத் தண்ணீரே முதல் உதவி.

வாய் அகன்ற மண்சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு நிழலில் வைக்கலாம். பூனை பதுங்க முடியாத இடமாக இருக்க வேண்டும். தினமும் கழுவி ஊற்ற வேண்டும். கொசுவும் சேராது, நோயும் பரவாது.

இரை வைப்பதானால் நொய், கம்பு, தினை, சாமை ஆகியவை ஏற்றவை. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம், நிலக்கடலை ஆகியவற்றை வைக்கக் கூடாது. அதிலுள்ள நஞ்சு கோழிகளைப் போலவே காட்டுப் பறவைகளையும் கொல்லும். உப்பும் எண்ணெயும் சேர்ந்த பண்டங்களும் ஆகா. சிட்டுக்குருவி தானியம் தின்றாலும் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியையே ஊட்டும். எனவே வீட்டை ஒட்டிய அவரைப் பந்தலிலும் கத்தரிப் பாத்தியிலும் விஷ மருந்து அடிக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் பெரிய உபகாரம்.

காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உண்பதும், கனுவன்று மஞ்சள் இலையில் சோறு வைப்பதும், புது நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்க விடுவதும் நம் வீடுகளில் இருந்து வரும் வழக்கங்கள். நெற்கதிர் கட்டும் வழக்கம் விட்டுப்போன வீடுகளில் இந்தத் தை அறுவடையில் ஒரு கைப்பிடிக் கதிரை ஒதுக்கித் தொடங்கலாம்.

வரப்பில் உள்ள பனை, வேம்பு, கருவேல மரங்களை அவசியமின்றி வெட்டாதிருக்க வேண்டும். காய்ந்து நிற்கும் மொட்டைப் பனையையும் விட்டுவைப்பது நல்லது. பனங்காடையும் மைனாவும் அதன் பொந்தில்தான் குஞ்சு பொரிக்கின்றன.

பயிர்ப் பாதுகாப்பு பற்றிய ஆலோசனைகளை வாலிகண்டபுரம், சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையங்களிலும், பருத்தி பற்றி வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலும், அந்தந்த வட்டார வேளாண்மை அலுவலகங்களிலும் கேட்டு விவசாயிகள் பயனடையலாம்.