பெட்டியில் பொம்மை, வானில் விமானம்

2024 டிசம்பரில் நியூ ஜெர்சிவாசிகள் இரவானால் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மினுக்கிய விளக்குகளைப் பற்றி ஆளுக்கொரு கதை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., ஜெர்சி சிட்டி உட்பட மாநிலத்தின் பல இடங்களில் 2025 ஜனவரி 17 வரை ட்ரோன் பறக்கத் தடை போட்டது. அந்த ஜனவரி கடைசியில் வெள்ளை மாளிகை விளக்கம் சொன்னது: பறந்தவை எஃப்.ஏ.ஏ. அனுமதி பெற்றவை, பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டவர்களும் அதில் பலர்.

பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிய ரிமோட் விமானத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நான்கு விசிறி ட்ரோனும், தெர்மோகோல் போன்ற ஃபோம் இறக்கை விமானமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்: ஆளில்லா விமானம்.

முதலில் பதிவு

எடை 250 கிராமைத் தாண்டினால் எஃப்.ஏ.ஏ. ட்ரோன்சோன் தளத்தில் பதிவு கட்டாயம். மூன்று ஆண்டுக்கு 5 டாலர்தான். கூடுதலாகக் கேட்டால் அது இடைத்தரகர் தளம். பதிபவருக்கு 13 வயது நிறைந்திருக்க வேண்டும். சிறு பிள்ளை என்றால் பெற்றோர் பதியலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவரும் பதியலாம். அவருக்கு அது உரிமையாளர் என்பதற்கான அங்கீகாரமாகக் கணக்கிடப்படும். பதிவு எண்ணை விமானத்தின் வெளிப்புறத்தில் ஒட்ட வேண்டும். பதியாமல் பறக்கவிட்டால் 27,500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம்.

பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் எவரும், எடை எதுவானாலும், டிரஸ்ட் என்ற இலவச இணையத் தேர்வை முடித்துச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். பதிவுக்குரிய விமானத்தில் 'ரிமோட் ஐடி' என்ற அடையாள ஒலிபரப்பும் வேண்டும். அது இல்லாத விமானத்தை எஃப்.ஏ.ஏ. ஒதுக்கிய இடங்களில் மட்டுமே பறக்கவிடலாம். மாடல் விமானச் சங்கத் திடல்கள் பல அந்தப் பட்டியலில் உண்டு.

சமையலறை மேசையில் சோதனை

ப்ரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். ரிமோட்டை முதலில் இயக்கி, பிறகு விமானத்தின் பேட்டரியை இணையுங்கள். நிறுத்தும்போது முறை தலைகீழ். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்மடல் மேலே எழ வேண்டும். கீழே இறங்கினால், எழும்பிய நொடியே விமானம் எதிர்ப்பக்கம் சாயும். அடுத்து, இறக்கையில் கையேடு காட்டும் புள்ளியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்குங்கள். வால் தொங்கினால் பறக்கவிடாதீர்கள். பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். லிப்போ என்ற லித்தியம் பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது, அடுக்குமாடியில் அண்டை வீட்டாருக்கும் ஆபத்து.

எங்கே பறக்கவிடுவது?

ஜெர்சி சிட்டியின் லிபர்ட்டி ஸ்டேட் பார்க் புல்வெளியைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். மாநிலப் பூங்காக்களில் சிறப்பு அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. எதிரே இருக்கும் சுதந்திரதேவி சிலை தேசியப் பூங்காத் துறையின் இடம், அங்கேயும் தடை. ஹட்சன் ஆற்றின் மீது ஹெலிகாப்டர்கள் தாழப் பறக்கின்றன. நெவார்க் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளியும் பக்கத்தில். அதற்குள் பறக்க, எஃப்.ஏ.ஏ.யின் 'லான்ஸ்' என்ற இணைய முறை வழியாக முன்அனுமதி வேண்டும். வரைபடத்தின் சில கட்டங்களில் அனுமதி உயரம் பூஜ்யம். கட்டுப்பாடற்ற வான்வெளியில் 400 அடி வரம்பு. எங்கும் விமானம் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். முதல் பறப்புக்கு ஊருக்கு வெளியே ஒரு சங்கத் திடலே நல்லது. அமெரிக்க மாடல் விமானக் கழகமான ஏ.எம்.ஏ.யின் உறுப்பினருக்கு 25 லட்சம் டாலர் வரை பொறுப்புக் காப்பீடும் உண்டு.

சட்டம் உங்களுக்கும் காவல்

விமானம் என்று சொல்லிக் கட்டுப்படுத்தும் சட்டமே அதற்குக் காவலாகவும் நிற்கிறது. அதை யாராவது சுட்டு வீழ்த்தினால் கூட்டாட்சிக் குற்றம். காவலர் கேட்டால் பதிவையும் டிரஸ்ட் சான்றையும் காட்டுங்கள். பிறர் வீட்டுக் கொல்லையில் விழுந்தால் சுவரேறிக் குதிக்காமல் கதவைத் தட்டிக் கேளுங்கள்.

பொருளே பழுதா, அல்லது வந்தே சேரவில்லையா? பெட்டி, ரசீது, புகைப்படங்களைப் பத்திரப்படுத்துங்கள். சொன்ன நாளில், நாள் சொல்லாவிட்டால் 30 நாளில் பொருளை அனுப்பாத விற்பனையாளர், உங்கள் சம்மதம் இல்லாமல் தாமதிக்க முடியாது. நீங்கள் சம்மதிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கிரெடிட் கார்டு பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். நியூ ஜெர்சி சிறுவழக்கு நீதிமன்றம் 5,000 டாலர் வரை விசாரிக்கும். பேட்டரி தீப்பற்றினால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்திலும் புகார் பதியுங்கள்.

இதெல்லாம் ஒரு மாலைப்பொழுது வேலைதான். எண்ணை ஒட்டிய பிறகு ப்ரொப்பெல்லரை மாட்டுங்கள்.