கிலோ 40 ரூபாய்க்கு 45 டிகிரி!

உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோவை ஒரு நிமிஷம் பாருங்கள். படத்தை இல்லை சார்... ஃபிரேமை! அதுவும் நாலு மூலைகளை. மூன்று மூலை கப்பென்று பொருந்தியிருக்கும். நாலாவதில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு தெரியும். மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி, மேலே பாலீஷ் போட்டு மறைத்திருப்பார்கள். எறும்பு குடும்பம் நடத்துவது அங்கேதான்.

ஏன் அப்படி? கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு ஃபிரேமுக்கு நாலு சட்டம், எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் 45 டிகிரி. ஒரு வெட்டில் அரை டிகிரி பிசகினால் கண்ணுக்கே தெரியாது. எட்டு வெட்டும் ஒரே பக்கமாக அரை அரை டிகிரி பிசகினால்? மொத்தம் நாலு டிகிரி! அவ்வளவும் கடைசி மூலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு அங்குல அகலச் சட்டம் என்றால் அந்த இடம் ஒரு நூலுக்கு மேல் வாய் பிளக்கும். (ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.) ஆபீஸில் ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் வேலையைத் தள்ளிவிட, கடைசி டேபிள்காரர் தலையில் மொத்த ஃபைலும் விழுமே... அதே தத்துவம்!

இந்தக் கணக்கெல்லாம் உனக்கெதற்கு என்கிறீர்களா? என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஏழடித் தேக்குச் சட்டம். நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது மிஞ்சிய ஜன்னல் கட்டை. அந்த ஜன்னலோரம்தான் அப்பா காலையில் பேப்பர் படிப்பார். அவர் போய் வருஷம் திரும்புவதற்குள், "அந்தக் கட்டையிலயே அப்பா படத்துக்குச் சட்டம் போட்டுருடா" என்றாள் அம்மா. 12-க்கு 15 அங்குலப் படம். சட்டத்துக்கு மட்டும் 70 அங்குலம் போய்விடும். மிச்சம் 14 அங்குலம். ஒரு வெட்டு தப்பினால் அந்த ஜன்னலுக்கு இரண்டாவது ஜன்மம் கிடையாது.

ஃபிரேம் கடையில் கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். "உள்ள ஆணி கெடந்தா மெஷின் பிளேடு போயிரும் சார். தங்கக் கலர்ல ஃபைபர் இருக்கு, போட்டுரவா?" அவர்கள் கவலை அவர்களுக்கு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அப்பாவைத் தங்கக் கலருக்குள் உட்காரவைக்க எனக்கு மனசில்லை.

அந்தச் சமயத்தில்தான் திண்டுக்கல் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதைப் பார்த்தேன். உடைந்த சைக்கிள், ஓட்டை அண்டா, தையல் மெஷின் கால் இவற்றுக்கடியில் துரு பிடித்த ஒரு வார்ப்பிரும்புப் பலகை. முன்னால் அரைவட்டமாக ஒரு வில், அதில் வரிசையாகக் காடிகள். பின்னால் இரண்டு தூண். பக்கத்திலேயே, முதுகில் இரும்புப் பட்டை போட்ட நீள ரம்பம்.

மைட்டர் பாக்ஸ்!

தெரியாதவர்களுக்கு: நம் ஆசாரிமார் மூன்று பலகையை 'ப' மாதிரி அடித்து, 45 டிகிரிக்குக் கீறல் போட்டு, அதற்குள் ரம்பத்தை விட்டு அறுப்பார்களே, அதற்கு அண்ணன் இது. மரப்பெட்டியில் நாளாக நாளாகக் கீறல் அகன்றுவிடும். ரம்பம் உள்ளே பரதநாட்டியம் ஆடும். இரும்புப் பெட்டியில் ரம்பத்தை இரண்டு தூண்களும் பிடித்துக்கொள்கின்றன. வேண்டிய கோணத்துக்குத் திருப்பினால் கொண்டி காடியில் விழுந்து பூட்டிக்கொள்ளும். கைக்கு வேலை, முன்னும் பின்னும் போய்வருவது மட்டும்தான்.

"என்ன பாய், இது எவ்வளவு?"

"எது, அந்த இட்லித்தட்டா? கிலோ நாப்பது. நாளைக்கு லாரி வருது, வேணும்னா இப்பவே எடுத்துக்குங்க."

பதினொரு கிலோ. ரம்பத்தையும் தராசில் போட்டு 480 ரூபாய். ஒரு நாள் கழித்துப் போயிருந்தால் உலையில் உருகி, யார் வீட்டு கான்கிரீட்டுக்குள்ளோ கம்பியாகப் படுத்திருக்கும்.

வீட்டில் வரவேற்பு எப்படி என்று சொல்ல வேண்டுமா? "இருக்கிற குப்பை போதாதா?" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள் மனைவி. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் போர்த்தி இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் தேய்த்தபோது எழுத்து தெரிந்தது. 'லாங்டன் மைட்டர் பாக்ஸ் கம்பெனி, மில்லர்ஸ் ஃபால்ஸ், மாஸ்.' அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்! லாங்டன் என்பவர் இந்தப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1864-ல். ரம்பத்தின் கைப்பிடியில் ஒரு பித்தளைக் காசு. குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி லேசாகப் புளி போட்டுத் துடைத்தால், 'டிஸ்டன், ஃபிலடா' என்கிறது. ஹென்றி டிஸ்டன் 1840-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய ரம்பக் கம்பெனி. 1917 வாக்கில் அந்தக் காசில் 'ஃபிலடா' போய் 'யு.எஸ்.ஏ.' வந்துவிட்டது. ஆக, ரம்பத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

அமெரிக்க ரம்பத்துக்குத் திண்டுக்கல்லில் என்ன ஜோலி? என் ஊகம் இதுதான். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1835-லேயே திண்டுக்கல் வந்தவர்கள். வெயில் தாங்காமல் 1845-ல் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள். 1901-ல் அங்கே பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். கதவு, ஜன்னல், பெஞ்சு என்று எத்தனை தச்சு வேலை நடந்திருக்கும்! மலையேறிய சாமான்களில் ஒன்று, வேலை முடிந்து வத்தலக்குண்டு வழியாக இறங்கி வந்திருக்கலாம். பாஸ்போர்ட் இல்லாததால் நிரூபிக்க முடியவில்லை!

துரு எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. நம்மாட்கள் பழைய இரும்பைக் கண்டால் உடனே சாணைச் சக்கரத்தில் கொடுப்பார்கள். ரம்பத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சூடேறினால் எஃகின் முறுக்குப் போய்விடும். அப்புறம் அது ரம்பம் இல்லை, தகரம். மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, மண்ணெண்ணெய் விட்டு, நீளவாக்கில் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். சின்ன ஸ்குரூக்களை ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, காலையில் சோடா உப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் பூசினால் போதும். கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய். ஒரு வாரத்தில் பெட்டி தயார்.

ரம்பம்தான் அறுக்கவில்லை. வெண்ணெயைக் கூட யோசித்துத்தான் அறுக்கும் போலிருந்தது.

தெரிந்த ஆசாரியிடம் காட்டினேன். "இப்ப யாரு சார் ரம்பத்துக்கு அரம் போடுறா? புது ரம்பத்துல பல்லைக் கெட்டிப்படுத்தியே விடுறான், அரம் ஏறாது. மழுங்குனா தூக்கிப் போட வேண்டியதுதான். நீங்க ஒண்ணு பண்ணுங்க... நாகல் நகர்ல ஒரு பூட்டுக்காரப் பெரியவர் இருக்காரு, கேட்டுப் பாருங்க."

ரம்பத்துக்குப் பூட்டுக்காரரா? எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று வாழ்க்கை முழுக்கப் பட்டறையில் கழித்தவர். ரம்பத்தை வாங்கிக் கண்ணால் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் பற்களின் மேல் ஓடவிட்டார். "நடுவுல ரெண்டு அங்குலம் பள்ளம். எவனோ தெரியாதவன் ராவியிருக்கான்" என்றார்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் காசு கொடுத்தாவது பார்த்திருப்பேன். இரண்டு பலகைக்கு நடுவே ரம்பத்தை இறுக்கினார். அரிக்கேன் விளக்கின் புகையில் பற்களைக் காட்டிக் கறுப்பாக்கினார். தட்டை அரத்தை மேலே ஒரே இழுப்பு, இரண்டு இழுப்பு. உயர்ந்த பல் எல்லாம் தலையில் மினுங்கியது. பள்ளத்துப் பல் கறுப்பாகவே இருந்தது. எல்லாம் மினுங்கும்வரை மட்டம் செய்தார். பிறகு முக்கோண அரம். ஒவ்வொரு பல்லாக ராவி, அந்த மினுக்கம் மறைகிற நொடியில் கையை எடுத்துவிடுவார். ஒரு இழுப்பு கூடினாலும் பல் குள்ளமாகிவிடும். அங்குலத்துக்கு 11 பல், 26 அங்குலம். பெருக்கிப் பாருங்கள், 286!

"இந்தப் புகை வித்தை எங்கே கத்துக்கிட்டீங்கய்யா?"

"இது பூட்டு வித்தை தம்பி. சாவித் தகட்டைப் புகையில காட்டிப் பூட்டுக்குள்ள விட்டுத் திருகுனா, லீவர் பட்ட இடம் பளிச்சுனு தெரியும். அந்த இடத்துல ராவணும். லீவர் கொஞ்சம் கம்மியாத் தூக்குனாலும் திறக்காது, கூடத் தூக்குனாலும் திறக்காது. தலைமயிர் அளவு சுத்தம் வேணும். அதைப் பார்த்த கைக்கு இதெல்லாம் பெரிய பல்லு!"

கையால் செய்கிற திண்டுக்கல் பூட்டின் பெருமையே அதுதான். ஒவ்வொரு பூட்டுக்கும் அதற்கென்று ராவிய சாவி. அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு மலிவாக வந்து குவிந்தபோது, இந்த அரத்துக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொன்னேன்.

"குறியீடு வந்துச்சு தம்பி. கத்துக்கப் பையன் வரலையே" என்றார், அரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சுத்தியலால் தட்டிச் சாய்த்தார். அப்படிச் சாய்த்தால்தான் தகடு மரத்துக்குள் இறுகாமல் போகும். கடைசியாகப் பற்களின் ஓரத்தைக் கத்தி மாதிரி சரிவாக ராவி முடித்தார். கூலி 300 என்றார். 500 கொடுத்தேன். 200-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தேக்கைத் தொடவில்லை. முதலில் கோணத்தைச் சோதிக்க வேண்டுமே! நேர்க்காடியில் வைத்து ஒரு வேப்பம்பலகையை அறுத்து, ஒரு துண்டைப் புரட்டிப்போட்டு, இரண்டையும் நேரான விளிம்பில் சேர்த்து வைத்தேன். பிசகு இருந்தால் இரட்டிப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். இடுக்கில் வெளிச்சம் தெரியவில்லை. 45-க்குத் திருப்பி இரண்டு துண்டு அறுத்து, சேர்த்து, மூலைமட்டத்தை வைத்தேன். ஒட்டி உட்கார்ந்தது.

அப்புறம் தேக்கு. காந்தத்தை ஓட்டிப் பார்த்து, ஒளிந்திருந்த மூன்று ஆணிகளைப் பிடுங்கினேன். எட்டு வெட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அறுக்க அறுக்க வாசனை வந்தது. பசை போட்டுக் கயிறு கட்டி இறுக்கினேன். நாலாவது மூலையில் அம்மா நகத்தால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. படத்தை எடுத்துவர உள்ளே போய்விட்டாள்.

ரம்பம் மறுபடி மழுங்கும். தேக்கு சும்மா விடாது. "அப்ப நான் இருக்கணுமே தம்பி" என்று பெரியவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதனால் இப்போது ஞாயிறு காலையில் நாகல் நகரில் அவர் திண்ணையில் இருக்கிறேன். ஆறு வாரமாயிற்று. ரம்பத்தைத் தொட இன்னும் அனுமதி இல்லை. ஓட்டைச் சாவித் தகட்டில் ஒரே கோட்டில் ராவப் பழகுகிறேன். "ஆபீஸ் கையி... வளைஞ்சு வளைஞ்சு போகுது" என்கிறார்.