முதலில் மாஸ்க், பிறகுதான் மெஷின்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், மருதமுனை என்று நம் கரையோர ஊர்களில் சில வீடுகளின் அலுமாரிக்கு மேலே ஒரு சின்னப் பயணப்பை தூசி படிந்து கிடக்கும். உள்ளே இருப்பது, தூக்கத்தில் மூச்சு தடைப்படுபவர்கள் இரவில் போடும் சீபாப் மெஷின். கட்டாரில் வேலை செய்யும் மகன் அனுப்பியதாக இருக்கும். இல்லாவிட்டால் கொழும்பில் பெருந்தொகை கொடுத்து வாங்கியதாக இருக்கும். வாப்பா நாலைந்து இரவு போட்டுப் பார்த்திருப்பார். "மூக்கு காஞ்சு போகுது, காத்து கண்ணுக்குள்ள அடிக்குது, இது நமக்குச் சரிவராது" என்று கழற்றி வைத்தவர், பிறகு அதைத் தொட்டே இருக்க மாட்டார். குறட்டை பழையபடி, பகல் அசதி பழையபடி, பிரஷர் மாத்திரையும் பழையபடி.

அந்தப் பைகளைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் நல்ல மெஷின்தான். வாங்கிய ஒழுங்குதான் தலைகீழ். மெஷின் முதலில் வந்து, முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்கைப் பற்றிய யோசனை கடைசியாக வந்திருக்கிறது. பழகிக்கொள்ளத் துணை நிற்க ஆள் வரவே இல்லை.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்வது எல்லோருக்கும் உள்ளதே. சிலருக்கு அது அளவுக்கு மீறித் தளர, நாக்கின் அடியும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகிறது. நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் பாடுபடும். காற்று உள்ளே போகாது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலவேளை ஒரு நிமிடம்கூட அப்படியே போகும். இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கியதும் மூளை உலுக்கிவிடும். பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்பும். இதைத்தான் ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். தூங்கியவருக்கு எதுவும் நினைவிருக்காது. "ராவைக்கு மூச்சு நிண்டு போகுது, பயமா இரிக்கி" என்று சொல்பவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான்.

அந்தச் சாட்சி லேசில் வெளியே வருவதில்லை. நம் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருக்கிறார். மாமாவும் மாமியும் இருக்கும் வீட்டில் குறட்டை வெட்கத்துக்குரிய சங்கதி. சிரித்து மழுப்பிவிடுவார்கள், அல்லது மனைவி அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தூங்குபவரை ஐந்து நிமிடம் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சத்தம் நின்று, வயிறு மட்டும் ஏறி இறங்கி, பிறகு திணறி மூச்சு வாங்கும் காட்சி அதில் பதிந்திருந்தால், வைத்தியரிடம் அரை மணி நேரம் விளக்க வேண்டிய தேவை இராது.

பகல் தூக்கத்தை அளக்கவும் வழி உண்டு. மெல்பேர்ன் வைத்தியர் மரே ஜோன்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வேர்த் அளவுகோல், வாசிக்கும்போது, ரீவி பார்க்கும்போது, வாகனத்தில் பயணியாகப் போகும்போது என்று எட்டுச் சந்தர்ப்பங்களில் கண்ணயரும் வாய்ப்பை 24 புள்ளிக்குக் கணக்கிடுகிறது. பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை குத்பாவில் ஒவ்வொரு வாரமும் கண் செருகுகிறவரை ஈமான் குறைந்தவர் என்று ஏசாமல் கிளினிக்குக்கு அனுப்புவது நல்லது. இரவு பஸ்ஸிலோ லொறியிலோ கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையில் ஸ்டியரிங் பிடிப்பவர் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இந்த நோய் உள்ள சாரதிகளுக்கு விபத்து ஆபத்து இரண்டு மடங்கைத் தாண்டுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடல் பருத்தவர்களுக்குத்தான் இது வரும் என்பதும் முழு உண்மையில்லை. ஆசிய நாட்டவர் பலரின் தாடை அமைப்பு மூச்சுப்பாதையை ஒடுக்கிவிடுவதால் மெலிந்தவர்களுக்கும் வருகிறது. தூக்கம் சரியில்லை என்று தானாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது சிலருக்கு நிலைமையை மோசமாக்கும்.

அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ உள்ள வைத்திய நிபுணரிடம் பேச்சைத் தொடங்கலாம். தூக்கப் பரிசோதனைக்குப் பலர் கொழும்பு வரை போகிறார்கள். ஒரு இரவு முழுக்க வயர்களோடு படுக்கும் விரிவான பரிசோதனை ஒன்று. விரலில் ஒட்சிசன் கருவி, நெஞ்சில் பட்டி, மூக்கில் சிறு குழாயோடு வீட்டிலேயே படுக்கும் எளிய பரிசோதனை இன்னொன்று. எதைச் செய்தாலும் அறிக்கையின் பிரதியைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண்தான் அதில் உயிரானது. 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 முறை. ஒட்சிசன் எவ்வளவுக்கு இறங்கியது, என்ன அழுத்தம் தேவை, எந்த வகை மெஷின் என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும். இலேசான நிலையில் உள்ள சிலருக்கு எடை குறைப்பதும், பக்கவாட்டில் படுப்பதும், பல் வைத்தியர் செய்து தரும் தாடைக் கருவியும் போதுமாகிவிடலாம். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு மெஷின் பக்கம் போகலாம்.

கொவிட் காலத்தில் ஒட்சிசன் செறிவாக்கி வாங்கிய வீடுகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. அது வேறு, இது வேறு. சீபாப் ஒட்சிசன் தருவதில்லை; அறையில் உள்ள காற்றையே சற்று அழுத்தத்தோடு அனுப்புகிறது. சைக்கிள் ரியூப்பில் காற்றில்லாவிட்டால் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கும், காற்றடித்தால் விரிந்து நிற்கும். தொண்டைக்கு இந்த மெஷின் செய்வதும் அதுதான். சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1980இல் இதை முதன்முதலாக ஒரு நோயாளியில் செய்து பார்த்து, 1981இல் லான்செற் சஞ்சிகையில் எழுதினார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வழி கழுத்தில் துளை போடுவது. இரவில் ஒரு மாஸ்க் போடுவது கஷ்டம் என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி மாஸ்க். பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரங்களின் வாயில் மெத்தென்று பொருந்துவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என்று மூன்று வகை. "பெரிசா மூடினா நல்லா வேலை செய்யும்" என்று எண்ணி மூன்றாவதை எடுப்பவர்களே நம் ஊரில் அதிகம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டல், மூக்கு வழி மாஸ்க்கையே முதலில் பரிந்துரைக்கிறது. வாயை மூடும் மாஸ்க்கின் விளிம்பு கன்னத்திலும் நாடியிலும் நெடுந்தூரம் ஓடுகிறது. ஒட்ட வேண்டிய இடம் கூடக் கூடக் காற்று கசியும் இடமும் கூடுகிறது.

நம் ஆண்களில் பலருக்குத் தாடி உண்டு. மாஸ்க்குக்காக யாரும் தாடியை எடுக்க வேண்டியதில்லை. சிலிக்கன் விளிம்பு நாடியில் தாடி மயிரின் மேல் உட்காரும்போது இடைவெளியால் காற்று சீறும். சீறுகிறதே என்று பட்டியை இறுக்க, காலையில் மூக்குத் தண்டில் சிவந்த தடம் விழும். தடம் வலிக்க, மாஸ்க் அலுமாரிக்குப் போய்விடும். துவாரத்தோடு பொருந்தும் வகை தாடியைத் தொடுவதே இல்லை. மீசை அடர்த்தியாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கத்தரித்துக்கொள்ள வேண்டிவரும். தாடிக்கு எண்ணெய் பூசும் வழக்கமுள்ளவர்கள் இரவில் அதைத் தவிர்த்து, படுக்கும் முன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்வது நல்லது. எண்ணெய் பட்ட சிலிக்கன் வழுக்கும், சீக்கிரம் பழுதாகும்.

கடையில் நின்றபடி மாஸ்க்கைப் போட்டுப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. படுக்கும்போது கன்னச் சதை சரிந்து முகத்தின் வடிவமே மாறும். மெஷினை ஓடவிட்டு, மல்லாந்தும் பக்கவாட்டிலும் படுத்துப் பார்க்க இடம் தரும் கடையைத் தேடுங்கள். அளவு சரியில்லாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று காசு கொடுக்கும் முன் கேளுங்கள். மூக்கு எந்நேரமும் அடைத்திருப்பவர் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்த்து அதைச் சரிசெய்த பிறகே மாஸ்க் வாங்கப் போக வேண்டும்.

இன்னொன்றை உயிர் சம்பந்தப்பட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். சீபாப் மாஸ்க்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். நாம் விடும் மூச்சு அவற்றின் வழியேதான் வெளியேறும். காற்று வீணாகிறதே என்று அவற்றை அடைக்கக் கூடாது. வைத்தியசாலைகளில் வேறுவகை மெஷின்களுக்குப் பாவிக்கும், பார்வைக்கு ஒரே மாதிரியான துளையில்லா மாஸ்க்குகளும் உண்டு. யாராவது இலவசமாகத் தந்தாலும் அவற்றை வீட்டு சீபாப்பில் பூட்டக் கூடாது.

மெஷின் விஷயம் இதைவிட இலகு. ஒரே அழுத்தத்தில் ஓடுவது ஒன்று. இரவில் தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைப்பது இன்னொன்று. பொதுவாக இவை 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீர் அழுத்தத்துக்குள் ஓடுபவை. அடிக்கடி கொழும்புக்குப் போக முடியாத நமக்குத் தானே சரிசெய்யும் வகை பல வேளைகளில் வசதி. ஆனால் இதய பலவீனம், கடும் நுரையீரல் நோய் உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன வகையைத்தான் எடுக்க வேண்டும். எத்தனை மணி நேரம் போட்டிருந்தீர்கள், எவ்வளவு கசிந்தது, மூச்சுத்தடை எத்தனை என்பதைப் பதிந்து வைக்கும் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். வழக்கமான மெஷின்களில் குழாய் மாஸ்க்கோடு சேரும் வாய் 22 மில்லிமீற்றர் என்ற பொது அளவு என்பதால், ஒரு கம்பனி மெஷினோடு வேறு கம்பனி மாஸ்க்கைப் பூட்டலாம். பயணத்துக்கென்று வரும் மிகச் சிறிய மெஷின்கள் சிலவற்றில் இது நடக்காது.

வெளிநாட்டிலிருந்து பாவித்த மெஷின் வருகிறதென்றால் மொடல் பெயரை முதலில் கேளுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பனி, முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல இலட்சம் மெஷின்களைத் திரும்பப் பெற அறிவித்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு பொடிந்து, மூச்சோடு போகக்கூடும் என்பது காரணம். சூடும் ஈரமும் ஓசோன் துப்புரவுக் கருவிகளும் அதை விரைவுபடுத்தும். நம் கரையோரத்தில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. திருத்தியதற்கு அத்தாட்சி இல்லாத பழைய மெஷின் இனாமாக வந்தாலும் வேண்டாம். வேறு மெஷின் என்றாலும் முந்தியவருக்கு வைத்த அழுத்தம் உங்களுக்குரியதல்ல. வைத்தியர் எழுதியபடி மாற்றிய பிறகே போட வேண்டும்.

ஈரப்பதமூட்டித் தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. நம் பக்கக் கிணறுகளில் உவர் அதிகம்; சில வாரத்தில் தொட்டியின் அடியில் வெள்ளைப் படலம் கல்லாகப் பிடித்துவிடும். பாமசியில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரே சரி. வாகன பெற்றரிக்கு விடும் தண்ணீரை இதற்குப் பாவிக்க வேண்டாம். ஏசி இல்லாத அறையில் சூடேற்றலைக் குறைத்து வைத்தாலே பலருக்குப் போதும். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோர்த்து முகத்தில் தெளித்தால், குழாயைப் போர்வைக்குள் வைத்து ஈர அளவைக் குறையுங்கள். மெஷினைக் கட்டிலைவிடப் பதிவான ஒரு ஸ்டூலில் வையுங்கள், தரையில் வேண்டாம். கடல் மணலும் தூசியும் பில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும்.

மின்சாரத்தை நம்பி இருக்கவும் முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியதையும், 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டதையும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போனால் பயப்படத் தேவையில்லை: மூக்கு மாஸ்க் போட்டவர் வாயால் மூச்சு விடலாம், வாயையும் மூடும் மாஸ்க்குகளில் வெளிக்காற்று வர வால்வு உண்டு. பெற்றரி வாங்குவதானால் மெஷின் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 24 வோல்ட்டில் ஓடுபவற்றுக்கு 12 வோல்ட் பெற்றரியை நேரே கொடுக்க முடியாது. கம்பனியின் கன்வேட்டர் வேண்டும். சூடேற்றலை நிறுத்திவிட்டால் பெற்றரி வெகுநேரம் தாங்கும்.

பழகுவதைப் பகலில் தொடங்குங்கள். அஸர் தொழுதுவிட்டுச் சாய்கதிரையில் இருந்து பேப்பர் வாசிக்கும்போது முதலில் மாஸ்க்கை மட்டும் போட்டிருங்கள்; அடுத்த நாள் மெஷினையும் ஓடவிடுங்கள். முகம் அதை ஏற்றுக்கொண்ட பிறகு இரவுக்குப் போகலாம். பகல் குட்டித் தூக்கத்துக்கும் மாஸ்க் வேண்டும். ரமழானில் தராவீஹுக்குப் பிறகு ஒரு துண்டு, ஸஹருக்குப் பிறகு ஒரு துண்டு என்று தூக்கம் பிளந்துபோகும். ஸஹருக்கு எழும்பியவர் மறுபடி மாஸ்க் போடாமல் படுப்பதே வழக்கம். விடிகாலைத் தூக்கத்தில்தான் பலருக்கு மூச்சுத்தடை மோசமாகிறது, அதைக் காப்பில்லாமல் விடாதீர்கள். நோன்போடு ஈரப்பதமூட்டி பாவிக்கலாமா என்பதை ஊர் ஆலிமிடம் கேட்கும்போது, அது இல்லாமலும் மெஷின் ஓடும் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ போகிறவர்கள் மெஷினைக் கைப்பையோடு கொண்டுபோக வேண்டும். லிதியம் பெற்றரி 100 வாட்-மணிக்கு மேலென்றால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை.

எத்தனை மணி நேரம் போடுகிறோம் என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது. 2016இல் வெளியான, 2,717 பேரைச் சேர்த்த சேவ் ஆய்வில் சீபாப் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். அதிலும் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. இதயத்துக்கு உத்தரவாதம் என்று சொல்லி மெஷின் விற்பவரை நம்ப வேண்டாம். பகலில் தெளிவாக வாழ இது உதவும் என்பதை நம்பலாம்.

முதல் சில வாரங்களில்தான் ஆட்கள் கைவிடுகிறார்கள். அந்த நாட்களில் மாஸ்க் பட்டியைத் தளர்த்திவிடவும் அழுத்தத்தை மெல்ல ஏற்றும் வசதியைப் போட்டுவிடவும் ஒருவரைத் தேடி ஒரு பகலும் ஒரு இரவும் பஸ்ஸில் கொழும்பு போய்வர எந்த நோயாளியால் முடியும்? இதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மெஷினின் தரவை வாசிக்க ஒரு கணினி, மூன்று வகை மாஸ்க்கிலும் எல்லா அளவுகள், பயிற்சி பெற்ற ஒரு தாதி, மாதத்தில் இரண்டு பிற்பகல்கள் போதும். வைத்தியசாலை அபிவிருத்திச் சபைகளும், வெளிநாட்டில் இருந்து ஊருக்கு உதவும் நம் பிள்ளைகளின் சங்கங்களும், அடுத்த கட்டடத்துக்குக் கல் நடும் முன் இந்த ஒரு கிளினிக்கைக் கல்முனையில் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.