காற்று தோற்கும் மேடு

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் அவுடெனார்டே என்ற சிற்றூர் வந்துவிடும். மார்ச் முடிவிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலகின் தலைசிறந்த சைக்கிள் வீரர்கள் இந்த ஊரில் வந்து பந்தயத்தை முடிக்கிறார்கள். ‘ஃபிளாண்டர்ஸ் சுற்று’ என்ற இந்தப் பந்தயம் 1913இல் தொடங்கியது. ஒரே நாளில் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஃபிளாண்டர்ஸ் மக்களுக்கு அது திருவிழா நாள்.

வெளியூர்க்காரர் இரண்டு நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம். சனிக்கிழமை கென்ட் நகரின் கால்வாய்க் கரைகள், கதீட்ரலில் வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியம், ஞாயிற்றுக்கிழமை பந்தயம். எங்கே போய் நிற்பது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதைத் தீர்மானிப்பது இயற்பியல்.

சமதளச் சாலையோரம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஒரே கூட்டமாக மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார்கள். கூட்டத்தின் நீளம் 200 மீட்டர் என்றால், முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை கடந்துபோக ஆகும் நேரம் பதினாறு விநாடி. ஒரு முகம்கூட மனதில் பதியாது. இவ்வளவு பேர் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள்? காற்றுதான் காரணம்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. அதை முறியடிக்க வேண்டிய திறனோ வேகத்தின் கனத்துக்கேற்பக் கூடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க விரும்பினால் காற்றுக்கு எட்டு மடங்கு திறனைக் கொடுக்க வேண்டும். மணிக்கு 45 கிலோமீட்டரில் தனியாகச் செல்லும் வீரர் காற்றை விலக்க மட்டுமே சுமார் 375 வாட் செலவிட வேண்டியிருக்கும்; டயர் உருளுவதற்கு ஏறத்தாழ 40 வாட் போதும். நன்றாக உடற்பயிற்சி செய்யும் சாதாரண மனிதர் ஒரு மணி நேரத்துக்கு 200 வாட் தொடர்ந்து தருவதே பெரிய காரியம்.

இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் இந்தச் சுமை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கிவிடும். முன்னவர் கிழித்துவிட்ட காற்றில் பின்னவர் போகிறார். பெரிய கூட்டத்தின் நடுவில் எவ்வளவு இறங்கும் என்பது நெடுநாள் ஊகமாகவே இருந்தது. பெர்ட் பிளாக்கன் என்ற பொறியியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 121 வீரர்கள் கொண்ட கூட்டத்தைக் கணினியில் உருவாக்கி, சிறிய மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தும் சோதித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் பாதுகாப்பாக இருப்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு, தனியாகச் செல்பவருக்கு இருப்பதில் ஐந்து முதல் பத்து சதவீதம்தான். கூட்டம் மணிக்கு 54 கிலோமீட்டரில் பறக்கும்போது, அவர் படும் எதிர்ப்பு தனியே மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டரில் போகிறவர் படுவதற்குச் சமம். உலகின் மிகக் கடினமான பந்தயங்களில் ஒன்றின் நடுவே, கடைக்குப் போய்வரும் வேகத்தின் காற்று! இந்த எண்ணை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கணக்கைப் பார்த்த பிறகு, ஆறு மணி நேரம் ஓட்டும் பந்தயத்தில் கடைசி ஒரு மணி நேரத்துக்கு அவர்களிடம் எப்படித் தெம்பு மிஞ்சுகிறது என்பது புரிந்தது.

ஆகவே சமதளத்தில் வலுவானவரையும் வலுவற்றவரையும் காற்று ஒரே மறைவில் வைத்துக் காப்பாற்றுகிறது. யார் யாரென்று தெரிய வேண்டுமானால் அந்த மறைவு விலக வேண்டும்.

அவுடெனார்டே ஊருக்கு அருகிலேயே அதற்கான இடங்கள் உண்டு. ஃபிளாண்டர்ஸில் மலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இருப்பவை கருங்கல் பாவிய குட்டையான மேடுகள். பாட்டர்பெர்க் மேட்டின் நீளம் சுமார் 360 மீட்டர், சராசரிச் சரிவு ஏறத்தாழ 13 சதவீதம், மிகச் செங்குத்தான இடத்தில் 20. பந்தயம் தன் வீட்டு வழியாகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு விவசாயிதான் அங்கே கல் பாவினார் என்பார்கள். 1986 முதல் பந்தயம் அந்த வழியில் போகிறது.

அங்கே கணக்கு தலைகீழாகிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்போம். 13 சதவீதச் சரிவில் மணிக்கு 18 கிலோமீட்டரில் ஏற, புவியீர்ப்புக்கு மட்டும் ஏறக்குறைய 500 வாட் கொடுக்க வேண்டும். அந்த வேகத்தில் காற்று கேட்பது வெறும் 24 வாட். முன்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். புவியீர்ப்பிலிருந்து ஒருவரை இன்னொருவர் மறைத்துக்கொள்ள முடியாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் தர முடியும் என்ற ஒன்றே அங்கே செல்லுபடியாகும். அதனால்தான் பாட்டர்பெர்க் சரிவில் நிற்பவர் பார்ப்பது பதினாறு விநாடிப் பறப்பை அல்ல. பந்தயத்தின் பிற்பகுதியில் வீரர்கள் ஒவ்வொருவராக, தோளை ஆட்டி, வாயைத் திறந்து மூச்சிரைத்து, சில நிமிடங்களுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்க்கலாம். முடிவுக்கோட்டருகே இடம் பிடிப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பந்தயத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் மேட்டுக்குத்தான் போக வேண்டும்.

கோப்பன்பெர்க் இன்னும் கொடியது. 600 மீட்டர் நீளம், உச்சச் சரிவு 22 சதவீதம். அங்கே கால்வலு இருந்தாலும் போதாது. பின்டயர் வழுக்காமல் கல்லைப் பற்ற வேண்டும். ஏறும் விசை முழுவதும் பின்சக்கரம் கல்லைத் தள்ளுவதிலிருந்தே வருகிறது. இருக்கையில் உட்கார்ந்திருந்தால் எடையின் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல் இருக்கும். வலுக்கூட்ட எழுந்து நின்றாலோ எடை முன்னே நகர்ந்து, பின்சக்கரத்தின் பிடி தளரும். பெடல் மிதிப்பும் சீரானதல்ல; ஒவ்வொரு மிதியிலும் விசை ஏறி இறங்குகிறது. ஈரக்கல்லில் அந்த உச்ச விசை உராய்வின் எல்லையைத் தாண்டிய நொடியில் சக்கரம் இடத்திலேயே சுழலும். ஒருவர் காலை ஊன்றினால் பின்னால் வருபவர்களும் நிற்க வேண்டியதுதான். அந்தச் சரிவில் நின்ற சைக்கிளை மறுபடி கிளப்புவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

2024இல் மழையில் நடந்தது இதுதான். உலகின் மிகத் தேர்ந்த வீரர்களில் பலர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். வழுக்காமல் ஏறிய மிகச் சிலரில் ஒருவர் நெதர்லாந்தின் மாத்தியூ வான் டெர் பூல். அங்கே பிரிந்தவர் மிச்சமிருந்த நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டரையும் தனியாகவே ஓட்டி வென்றார்.

இதனால்தான் மேடு வருவதற்கு முன் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு, முடிவுக்கோடே வந்துவிட்டது போல எல்லோரும் முட்டி மோதுகிறார்கள். சிக்னலில் பச்சை விழுந்த பிறகு கடைசி வண்டி நகர நேரமாவது போல, குறுகிய பாதையில் முதலில் போகிறவர் வேகம் குறைத்தால் அந்தத் தயக்கம் பின்னோக்கிப் பரவிப் பெருகும். நூறாவது ஆள் நின்றே விடுவார்.

கல் பாதை டயரையும் மாற்றியிருக்கிறது. முன்பு 23 மில்லிமீட்டர் அகல டயரில் கல்லைப் போல் காற்றடைப்பார்கள். இன்று 30 மில்லிமீட்டரை ஒட்டிய அகலமும் குறைந்த அழுத்தமும் வழக்கம். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் ஆளோடு சேர்ந்து துள்ளும். அந்த அதிர்ச்சியைத் தசைகள் விழுங்கும்போது ஆற்றல் வீணாகிறது. மென்மையான டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருண்டுவிடும்.

பெண்களுக்கான பந்தயமும் 2004 முதல் நடக்கிறது. குவாரெமான்ட் என்ற இன்னொரு மேடும் பாட்டர்பெர்க்கும் அவர்களுக்கும் உண்டு. மேட்டில் நின்றால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

கடைசி பாட்டர்பெர்க் ஏற்றத்துக்குப் பின் அவுடெனார்டே வரை சுமார் 13 கிலோமீட்டர் இருக்கிறது; பெரும்பாலும் சமதளம். காற்று மறுபடி அதிகாரத்துக்கு வருகிறது. முன்னால் போகும் ஒற்றை ஆள் அதன் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். துரத்துபவர்கள் நான்கு பேராக இருந்தால் முறைவைத்து முன்னே வந்து சுமையைப் பகிரலாம். கணக்குப்படி அவர்கள்தான் வேகமாகப் போக வேண்டும். ஆனால் முன்னே வந்து காற்றை வாங்குபவர், பின்னால் ஒளிந்திருப்பவருக்குக் கடைசி ஓட்டத்துக்கான தெம்பைச் சேமித்துக் கொடுக்கிறார். அதனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் முன்னே போகட்டும் என்று ஒரு நொடி தயங்குவார்கள். பல தனியாட்கள் வென்றது அந்தத் தயக்கத்தால். 2023இல் அதற்கும் இடமில்லை. ஸ்லோவேனியாவின் டாடெய் பொகாச்சர் கடைசி குவாரெமான்ட் ஏற்றத்தில் பிரிந்து போனார். பின்னால் துரத்திய வான் டெர் பூலுக்கும் துணைக்கு யாருமில்லை. இருவருமே முழுக்காற்றையும் தனித்தனியே தாங்கி ஓட்டினார்கள். அவுடெனார்டேயில் இருவருக்கும் இடைவெளி 16 விநாடி.