வலி தணிக்கும் மார்ஃபினே வலியைக் கூட்டினால்...

புது தில்லி: புற்றுநோயாளிகளின் தாங்கொணா வலியைத் தணிக்கக் கொடுக்கப்படும் மார்ஃபின், சிலருக்கு வலியைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடுவதுண்டு. பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் போடப்படும் லிக்னோகெயின் போன்ற மரப்பு மருந்துகள், இந்த முரணான விளைவைக் கட்டுப்படுத்த உதவக்கூடும் என ஆய்வுகள் உணர்த்துகின்றன. வீடு தேடிச் சென்று வலி நிவாரணம் அளிக்கும் முறை வேரூன்றிய கேரளத்தில், குறிப்பாகத் தமிழக எல்லையையொட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில், இது கவனத்துக்குரியது.

முகுளத்தில் உள்ள விசை:

அபினியிலிருந்து பெறப்படும் மார்ஃபினையும் அதையொத்த மருந்துகளையும் அதிக அளவிலோ, நீண்ட காலமோ பெறுவோரில் சிலருக்கு நரம்பு மண்டலத்தின் வலி உணரும் தன்மை கூர்மையடைகிறது. லேசாகத் தொட்டாலே வலிக்கும். முதலில் வலித்த இடத்தைத் தாண்டி பிற பகுதிகளுக்கும் வலி பரவும். மருந்தின் அளவைக் கூட்டினால் வலியும் கூடும். மார்ஃபின் ஊசியே வலியை வளர்க்கிறதோ என்ற ஐயத்தை பிரிட்டிஷ் மருத்துவர் கிளிஃபோர்டு ஆல்பட் 1870-ஆம் ஆண்டிலேயே எழுப்பினார்.

இதற்கான காரணத்தின் ஒரு பகுதி, அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவானது. தோலுக்கடியில் மார்ஃபின் வில்லைகள் பதிக்கப்பட்ட எலிகளுக்கு நாளடைவில் வலி உணர்வு மிகுந்தது. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தில் லிக்னோகெயினைச் செலுத்தியதும் அந்த மிகை உணர்வு மறைந்தது.

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பு வழிகளுக்கு வலியை அடக்கும் ஆற்றலும் உண்டு; தூண்டிவிடும் ஆற்றலும் உண்டு. மார்ஃபின் தொடர்ந்து உடலில் இருக்கும்போது தூண்டும் வழி ஓங்கிவிடுகிறது என்பதே இந்த ஆய்வின் சாரம். நரம்பு செல்களுக்குள் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அடைத்து, சமிக்ஞை பரவாமல் தடுப்பது மரப்பு மருந்தின் வேலை.

மனிதர்களுக்கு எவ்வளவு பயன்?

எலிக்குச் செய்ததுபோல் நோயாளியின் முகுளத்தில் ஊசி போட இயலாது. எனினும் இரு வழிகள் உள்ளன. வலியைக் கடத்தும் நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தினால் வலிச் சமிக்ஞை வழியிலேயே தடைப்படும். மார்ஃபின் தேவையும் குறையும். குறைந்த அளவு லிக்னோகெயினை ரத்த நாளம் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவது மற்றொரு முறை. இவ்வாறு செலுத்தப்படும் மருந்து மூளையையும் எட்டும்.

ஆயினும் இரண்டாவது முறையின் பலன் இன்னும் உறுதிப்படவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலியில் அதன் பயன் நிச்சயமற்றது என்றே 2018-இல் வெளியான காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு மதிப்பிட்டது. அளவு மீறினால் வலிப்பு வரும். இதயத் துடிப்பும் பாதிக்கப்படும். எனவே, கண்காணிப்புக் கருவிகள் உள்ள மருத்துவமனையில்தான் இதைச் செலுத்த முடியும்.

மலையேறும் செவிலியர்:

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியை மையமாகக் கொண்டு 1993-இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கத்தை முன்னின்று நடத்திய எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகிய இருவருமே மயக்கவியல் மருத்துவர்கள். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. ஊராட்சிகள் மூலம் செவிலியர்கள் படுக்கையிலுள்ள நோயாளிகளின் வீடுகளுக்கே செல்லும் முறை மாநிலம் முழுவதும் பரவியது.

பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி மலைப்பகுதி, சித்தூர் வட்ட கிராமங்கள், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைத் தோட்டக் குடியிருப்புகள் ஆகியவற்றில் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர். இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. இத்தகைய இடங்களில் ஒரு நோயாளிக்கு வலி கூடினால், மார்ஃபின் அளவைக் கூட்டுவதே எளிதில் எட்டும் வழி.

நோய் முற்றியதால் கூடிய வலி என்றால் அது சரியான முடிவு. மருந்தால் கூடிய வலி என்றால் அதுவே துன்பத்தைப் பெருக்கும். இரண்டையும் பிரித்தறிய பயிற்சி பெற்ற மருத்துவரும், நரம்பில் மரப்பு ஊசி போட மயக்கவியல் நிபுணரும் தேவை. பாலக்காட்டில் 2014-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரியில் இடைக்காலத்தில் நின்றுபோன மாணவர் சேர்க்கை 2022-இல் மீண்டும் தொடங்கியது. இவ்விரு இடங்களிலும் வலி நிவாரணப் பிரிவு வலுப்பெற்று, ஊராட்சிச் செவிலியர்களுடன் இணைக்கப்பட்டால் மலைவாழ் நோயாளிகளின் அலைச்சல் பெருமளவு குறையும்.

அச்சம் வேண்டாம்:

இத்தகவல் மார்ஃபினை மறுப்பதற்கான சாக்காகிவிடக் கூடாது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச மாநிலங்களில் உரிமம் பெற்று அபினி பயிரிடப்படுகிறது. நீமச், காஜிப்பூரில் மத்திய அரசின் அபினி ஆலைகள் உள்ளன. ஆயினும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கவே தயங்கின. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பயன்பாட்டுக்கு நாடு முழுவதும் ஒரே சீரான விதிமுறைக்கு வழிவகுத்தது. அதன் பிறகும் வலியால் வாடும் பலருக்கு இம்மருந்து எட்டாமலேயே உள்ளது.

மார்ஃபின் உட்கொள்வோர் தாமாக அதை நிறுத்துவது ஆபத்தானது. வலி புதிய இடங்களுக்குப் பரவுகிறதா, துணி உரசினாலே வலிக்கிறதா, அளவைக் கூட்டிய பிறகு மோசமடைந்ததா என்பதைச் செவிலியரிடம் விளக்கமாகக் கூறவேண்டும். அதைக் கொண்டே மருந்தின் அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா, மரப்பு ஊசி போடுவதா என மருத்துவர் முடிவெடுப்பார். மலையாளம் சரளமாகப் பேச வராத தமிழ்த் தொழிலாளி தன் வலியைத் தன் மொழியிலேயே விவரிக்கவும், கேட்பவருக்கு அது புரியவும் வழி செய்வது எல்லை மாவட்டங்களில் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.